பனிவண்டி பிளக் படகுக்கு ஆகாது

கேள்வி: வணக்கம் அண்ணே. நான் பினாங்கு பிறையில் வேலை பார்க்கிறேன். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து பழைய ஃபைபர் படகு ஒன்று வாங்கினோம். யமஹா 15 குதிரைத்திறன், டூ-ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர் எஞ்சின். ஞாயிற்றுக்கிழமைகளில் தெலுக் பஹாங்கிலிருந்து முக்கா ஹெட் பக்கம் போய், தெங்கிரி மீனுக்காக மெதுவாக ஓட்டியபடி தூண்டில் இழுப்போம். மூன்று மாதத்தில் நான்கு ஜோடி ஸ்பார்க் பிளக் மாற்றிவிட்டேன். புதுசு போட்டால் ஒரு வாரம் நன்றாக ஓடுகிறது. அடுத்த வாரமே மெதுவோட்டத்தில் திணறுகிறது, அணைந்தால் மறுபடி எடுப்பதில்லை. கழற்றிப் பார்த்தால் இரண்டும் கறுப்பு, எண்ணெய் ஈரம். கீழே உள்ளது இன்னும் மோசம். டாங்கி 24 லிட்டர், ஒவ்வொரு தடவையும் ஒரு போத்தல் டூ-டி (டூ-ஸ்ட்ரோக்) எண்ணெய் ஊற்றுகிறேன். தெரிந்த மெக்கானிக் ஒருவர், "பி6எச்எஸ் போடு, சூடான பிளக், எல்லாத்தையும் எரிச்சிடும்" என்கிறார். கனடாக்காரர் ஒருவரின் ஸ்னோமொபைல் (பனிவண்டி) வீடியோவும் பார்த்தேன். அதுவும் இதே மாதிரி இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக்தான். அவர் போட்ட பிஆர்9இஎஸ் பிளக்கை மோட்டார் கடையில் வாங்கி வைத்திருக்கிறேன். கையால் திருகினால் மரை சுலபமாக ஏறுகிறது. மாட்டலாமா? பழைய பிளக்குகளை மணல்தாளால் தேய்த்துத் திரும்பப் போடலாமா?

பதில்: மாட்ட வேண்டாம், தம்பி. மற்ற கேள்விகளுக்குப் பிறகு வருகிறேன். அந்த பிஆர்9இஎஸ் இரண்டையும் முதலில் கருவிப்பெட்டியிலிருந்து எடுத்து வேறெங்காவது வையுங்கள். கடலில் அவசரத்துக்குக் கை அதன்மேல் போய்விடக் கூடாது.

மரை சுலபமாக ஏறுவதில்தான் ஆபத்தே இருக்கிறது. உங்கள் எஞ்சினுக்கு உரிய பிளக் என்ஜிகே கம்பெனியின் பி7எச்எஸ்-10. இதற்கும் நீங்கள் வாங்கிய பிஆர்9இஎஸ்ஸுக்கும் மரையின் விட்டம் ஒன்றே, 14 மி.மீ. மேலே ஸ்பேனர் பிடிக்கும் அறுகோணமும் ஒன்றே, 20.8 மி.மீ. அதனால் கைக்கு வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் மரையின் நீளத்தில். 'எச்' என்றால் 12.7 மி.மீ., 'இ' என்றால் 19 மி.மீ. உங்கள் சிலிண்டர் ஹெட்டில் 12.7 மி.மீ. ஆழத்துக்குத்தான் மரை உண்டு. மீதி 6.3 மி.மீ. எரிப்பறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். பிஸ்டன் மேலே வரும்போது அதில் இடித்தால் ஒரே இழுப்பில் பிஸ்டன் தலை குழிந்துவிடும். இடிக்காமல் தப்பினாலும், உள்ளே நீட்டி நிற்கும் மரை நெருப்பில் பழுத்து, பொறி வருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைக்கும். அந்த மரையில் கரி பிடித்த பிறகு பிளக்கைக் கழற்றினால் ஹெட்டின் அலுமினிய மரையையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும்.

கையால் திருகிப் பார்த்ததோடு நிறுத்தியிருந்தால் கவலை இல்லை. திருகி வைத்து ஸ்டார்ட்டர் கயிற்றையும் இழுத்துப் பார்த்திருந்தால், அந்தப் பிளக்கின் முனையைப் பாருங்கள். வளைந்த மின்முனை நசுங்கி இடைவெளி மூடியிருந்தால் பிஸ்டன் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படியென்றால் டார்ச் அடித்துப் பிளக் துளை வழியே பிஸ்டன் தலையைப் பார்க்காமல் எஞ்சினை எடுக்காதீர்கள்.

வீடியோக்காரர் மேல் தப்பில்லை. பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல்களில் பல பிஆர்9இஎஸ் பிளக்கில்தான் ஓடுகின்றன. அவருடைய வண்டிக்கு அது சரி. ஆனால் அவருடைய கவலை வேறு, உங்களுடைய கவலை வேறு. பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி குளிரில் இருக்கும் காற்று, நம் ஊர் 32 டிகிரிக் காற்றைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அதிக அடர்த்தி கொண்டது. அதே கார்புரேட்டர் அங்கே போதாத பெட்ரோலைத் தரும், இங்கே மிஞ்சிய பெட்ரோலைத் தரும். அவர் உறைந்த ஏரிமேல் முழு வேகத்தில் நீண்ட நேரம் விரட்டுகிறார். பெட்ரோல் குறைந்து, சூடு மிஞ்சி, பிஸ்டனில் ஓட்டை விழுவதுதான் அவருடைய பயம். அதனால் 9 என்ற குளிர்ந்த பிளக்கைத் தேர்ந்தெடுக்கிறார். நீங்கள் தெங்கிரிக்காக மணிக்கணக்கில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கிறீர்கள். உங்கள் எஞ்சினுக்கு வந்திருப்பது சூடு போதாத நோய். அவருடைய மருந்து அதை இன்னும் மோசமாக்கும்.

இப்போது உங்கள் மெக்கானிக் சொன்ன பி6எச்எஸ். அளவில் அது பொருந்தும், அந்த வகையில் வீடியோ பிளக்கைவிட நல்ல யோசனைதான். சூடான பிளக், குளிர்ந்த பிளக் என்பதெல்லாம் நடுவே இருக்கும் வெள்ளைப் பீங்கான் மூக்கின் நீளத்தைப் பொறுத்தது. மூக்கு நீளமாக இருந்தால் சூடு உலோக உடலுக்குப் போய்ச் சேரத் தாமதமாகும், முனை சூடாகவே இருக்கும். குட்டையாக இருந்தால் சூடு சட்டென்று இறங்கிவிடும். முனை ஏறத்தாழ 450 முதல் 500 டிகிரி வரை ஏறினால்தான் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 800 டிகிரியைத் தாண்டினால் முனையே கொள்ளிக்கட்டையாகி, பொறிக்காகக் காத்திராமல் கலவையைப் பற்றவைக்கும். என்ஜிகேயில் எண் கூடினால் குளிர்ச்சி, குறைந்தால் சூடு. டென்சோவும் அப்படித்தான். சாம்பியன் பிளக்கில் கணக்கு நேர்எதிர், எண் கூடினால் சூடு. கம்பெனி மாற்றி வாங்குபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

ஆனால் பி6 போட்டால் மெதுவோட்டத்தில் கரி குறையும், மூல காரணம் அப்படியே இருக்கும். ஒரு நாள் மழைமேகம் திரண்டு வருவதைப் பார்த்து நான்கு பேரும் பொருளுமாக முழு வேகத்தில் கரைக்கு விரட்டுவீர்கள். அப்போது தேவைக்கு மிஞ்சிய சூட்டோடு அந்தப் பிளக் உட்கார்ந்திருக்கும். காரணத்தைச் சரிசெய்த பிறகும் தேவைப்பட்டால் பிறகு யோசிக்கலாம். தேவைப்படாது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் காரணத்தை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள்.

"ஒவ்வொரு தடவையும் ஒரு போத்தல்." போத்தல் ஒரு லிட்டர் என்றால், 24 லிட்டர் பெட்ரோலில் ஒரு லிட்டர் எண்ணெய், அதாவது 24:1. புது எஞ்சினைப் பழக்கும்போது முதல் 10 மணி நேரத்துக்கு ஊற்றும் 25:1 கலவைக்கு இது ஏறத்தாழச் சமம். பழகிய எஞ்சினுக்கு 50:1 போதும். லிட்டருக்கு 20 மி.லி., முழு டாங்கிக்கு 480 மி.லி. அதாவது அரைப் போத்தலுக்கும் சற்றுக் குறைவு. எஞ்சினோடு வந்த கையேட்டிலோ மூடியில் ஒட்டிய தாளிலோ வேறு கணக்கு இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். எதுவாக இருந்தாலும் 24:1 அல்ல.

டாங்கி காலியாகாமல் ஊற்றினால் இன்னும் கெடுதல். பாதி டாங்கி மீதி இருக்கும்போது 12 லிட்டர் பெட்ரோல் நிரப்பி முழுப் போத்தலையும் கவிழ்த்திருந்தால், உள்ளே இருந்த அரை லிட்டரும் சேர்ந்து ஒன்றரை லிட்டர் எண்ணெய் ஆகிறது. 16:1. அதற்குப் பிறகு எந்தப் பிளக்கும் தாங்காது. ஆகவே எண்ணெயைப் போத்தல் கணக்கில் ஊற்றுவதை விட்டுவிடுங்கள். கோடு போட்ட அளவுக் குவளை ஒன்று வாங்கி, புதிதாக ஊற்றும் பெட்ரோலுக்கு மட்டும் லிட்டருக்கு 20 மி.லி. அளந்து ஊற்றுங்கள். முதலில் பாதிப் பெட்ரோல், பிறகு எண்ணெய், மூடி நன்றாகக் குலுக்கி, பிறகு மீதிப் பெட்ரோல். இப்போது டாங்கியில் இருப்பதைக் கொட்ட வேண்டாம். அது உண்மையிலேயே 24:1 என்றால், ஏறத்தாழ அதே அளவு வெறும் பெட்ரோல் சேர்த்தால் 50:1 ஆகிவிடும். 10 லிட்டர் இருந்தால் இன்னும் 10 லிட்டர். எத்தனை தடவை எப்படி ஊற்றினோம் என்று நினைவில்லையென்றால் அந்தக் கலவையை நம்பாதீர்கள், புதிதாகத் தொடங்குங்கள்.

அந்தப் போத்தலின் முகப்பில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். டிசி-டபிள்யூ3 என்று இருக்க வேண்டும். நீரால் குளிரும் படகு எஞ்சினுக்கான, எரிந்தால் சாம்பல் விடாத எண்ணெய் அது. மோட்டார் கடையில் கிடைக்கும் டூ-டி பெரும்பாலும் காற்றால் குளிரும் மோட்டார்சைக்கிள் எஞ்சினுக்கானது. நல்ல எண்ணெய்தான், ஆனால் அந்தச் சூட்டுக்காகச் செய்தது. படகு எஞ்சினின் குறைந்த சூட்டில் அதன் சாம்பல் பிளக் முனைகளுக்கு நடுவே பாலம் கட்டும். அப்படிப் பாலம் கட்டிய பிளக் கறுப்பாகக்கூடத் தெரியாது. இடைவெளியில் மணி போல ஒரு துணுக்கு ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். பொறி சுத்தமாக வராது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. எஞ்சினில் தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடேறும் வரை குளிர்நீர் ஓட்டத்தை அடைத்து வைக்கும் வால்வு, இருக்கிறதா? பழைய படகு என்கிறீர்கள். 'நம்ம கடல் தண்ணியே சூடு, இது எதுக்கு' என்று முன்னால் வைத்திருந்தவர் அதைக் கழற்றி எறிந்திருக்கலாம். இருந்தாலும் உப்புப் பிடித்துத் திறந்தபடியே இறுகியிருக்கலாம். கடல் நீர் நமக்குச் சூடாக இருக்கலாம், ஆனால் 30 டிகிரி என்பது எஞ்சினுக்குக் குளிர் நீர்தான். தடுப்பே இல்லாமல் நீர் ஓடிக்கொண்டிருந்தால் மெதுவோட்டத்தில் சிலிண்டர் சுவர் சூடேறாது, பெட்ரோல் முழுதாக ஆவியாகாது, எண்ணெய் எரியாமல் பிளக்கில் போய் உட்காரும். சோதிப்பது சுலபம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். குளிர்ந்த நீரில் மூடியிருந்து, சுமார் 50 டிகிரியில், அதாவது கை வைக்கத் தாங்காத சூட்டில், திறக்கத் தொடங்க வேண்டும். குளிரிலேயே திறந்திருந்தால் மாற்றுங்கள். அதன் மூடிக்குக் கீழே இருக்கும் கேஸ்கட்டையும் புதிதாகப் போடுங்கள், பழையதைத் திரும்பப் போட்டால் கசியும்.

எஞ்சினை எடுக்கும்போது காற்றைக் குறைக்கும் சோக் முழுதாகத் திரும்புகிறதா என்பதையும் ஒரு பார்வை பாருங்கள். வெளிக் குமிழ் உள்ளே போனாலும், துருப்பிடித்த கம்பி காரணமாகக் கார்புரேட்டர் வாயில் இருக்கும் தகடு பாதியில் நிற்பதுண்டு. காற்று நுழையும் மூடியைக் கழற்றி, சோக் தகடு முழுதாகத் திறக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதே நம்பகமானது.

இப்போது பிளக்கை எப்படிப் பார்ப்பது என்பது. நீங்கள் கரைக்கு வந்து படகைக் கட்டிய பிறகுதான் கழற்றிப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிளக் கடைசிச் சில நிமிடங்களின் சாட்சி. படகுத்துறைக்குள் மெதுவாக ஊர்ந்து வந்திருந்தால் அது அந்த ஊர்தலைப் பற்றித்தான் சொல்லும், நடுக்கடலில் நடந்ததைச் சொல்லாது. நல்ல எஞ்சினின் பிளக்கும் நீண்ட மெதுவோட்டத்துக்குப் பிறகு கறுப்பாகத்தான் இருக்கும்.

உண்மையை அறிய வேண்டுமானால், புதுப் பிளக்கோடு வழக்கமான சுமையில் பத்துப் பதினைந்து நிமிடம் நல்ல வேகத்தில் ஓட்டுங்கள். பிறகு வேகத்தைக் குறைக்காமல் அப்படியே எஞ்சினை அணையுங்கள், அங்கேயே கழற்றிப் பாருங்கள். ஓட்டத்தில் அணைத்தால் படகு சட்டென்று அமிழும், பின்னால் துரத்தி வரும் உங்கள் சொந்த அலையே பின்பலகையைத் தாண்டி உள்ளே வரப் பார்க்கும். அதனால் அலையில்லாத இடத்தில், போக்குவரத்து இல்லாத நேரத்தில், எல்லோரும் உட்கார்ந்து பிடித்துக்கொண்ட பிறகு மட்டும் செய்யுங்கள். முக்கால் வேகத்தில் செய்தாலே போதுமான விடை கிடைக்கும்.

சூடான ஹெட்டிலிருந்து கழற்றும்போது மட்டும் கவனம் தேவை. அலுமினியம் சூட்டில் மிருதுவாக இருக்கும். திருகும்போது கடித்தால் வலுக்கட்டாயமாக இழுக்காமல் ஆறவிட்டுத் தொடருங்கள். கழற்றுவதற்கு முன் பிளக் குழியைச் சுற்றியிருக்கும் உப்பையும் தூசியையும் துணியால் துடைத்து ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் அது நேரே சிலிண்டருக்குள் விழும். பிளக்கின் தலையில் மாட்டியிருக்கும் கேப்பைப் பிடித்து இழுங்கள், கம்பியை அல்ல. கப்சாய் எனப்படும் சிறிய மோட்டார்சைக்கிளின் 16 மி.மீ. பிளக் ஸ்பேனர் இதற்குப் பொருந்தாது. 20.8 மி.மீ. சாக்கெட், உள்ளே ரப்பர் வளையம் உள்ளதாக ஒன்று வாங்குங்கள். ரப்பர் இருந்தால் பிளக் கடலுக்குள் விழாது, பீங்கானும் உடையாது. மேல், கீழ் என்று பிளக்கில் உடனே மார்க்கர் பேனாவால் எழுதுங்கள். எது எந்தச் சிலிண்டர் என்று தெரியாவிட்டால் பாதி விவரம் போய்விடும்.

பீங்கான் மூக்கு இளம் பழுப்பு, அல்லது சாம்பல் கலந்த பழுப்பு என்றால் எல்லாம் சரி. உலர்ந்த கரி, தொட்டால் மையாக ஒட்டுவது, பெட்ரோல் மிகுதி அல்லது சோக். ஈரமாக மினுமினுக்கும் கறுப்பு என்றால் எண்ணெய் மிகுதி, அல்லது பொறியே வராமல் கலவை எரியாமல் நனைத்திருக்கிறது. சுண்ணாம்பு வெள்ளையாக, கொப்புளம் போலவோ மின்னும் அலுமினியத் துகள்களோடோ இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பெட்ரோல் பற்றாக்குறை அல்லது குளிர்நீர் ஓட்டக் கோளாறில் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது, அந்த எஞ்சினை மறுபடி எடுக்கக் கூடாது. இன்னொன்று பலரை ஏமாற்றும். ஒரு பிளக் மட்டும் கழுவித் துடைத்தது போலப் பளிச்சென்று இருக்கும், அல்லது உள்முனையில் துரு படிந்திருக்கும். சுத்தமாக இருக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது, அது நீராவியாகிப் பிளக்கைக் கழுவியிருக்கிறது. முதலில் சந்தேகிக்க வேண்டியது ஹெட் கேஸ்கட்.

உங்கள் இரண்டு பிளக்கும் கறுப்பு என்பதால் பொதுவான காரணம்தான்: எண்ணெய், சூடு, சோக், கார்புரேட்டர். கீழ்ச் சிலிண்டர் மோசமாக இருப்பது இந்த வகை எஞ்சினில் அதிசயம் அல்ல. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு செங்குத்தாக நிற்பதால் எரியாத எண்ணெய் கீழ்நோக்கித்தான் தேங்கும். ஆனாலும் ஒரு முறை சோதித்துவிடுங்கள். மேல் பிளக்கைக் கீழேயும் கீழ்ப் பிளக்கை மேலேயும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோளாறு பிளக்கோடு மேலே போனால் பிளக்தான் குற்றவாளி. கீழேயே நின்றால் கீழ்க் கேப், கம்பி, அல்லது சிலிண்டர்.

பொறி சோதிக்கும்போது இரண்டு பிளக்கையும் அவற்றின் கேப்பில் மாட்டி, உலோக உடல் எஞ்சின் உலோகத்தில் அழுந்தியிருக்கும்படி வையுங்கள். கேப்பை அந்தரத்தில் தொங்கவிட்டுக் கயிறு இழுத்தால், பொறி போக வழியில்லாமல், பொறிக்கு மின்சாரம் தரும் காயிலையும் சிடிஐ பெட்டியையும் கெடுத்துவிடும். கையால் பிடிக்கவும் வேண்டாம். பிளக் துளைகளிலிருந்து பெட்ரோல் ஆவி சீறும், ஆகவே பொறி அதற்கு அருகில் வராதபடி தள்ளி வையுங்கள், பெட்ரோல் குழாயைக் கழற்றிவிடுங்கள். நீலமாக, சடசடவென்று வந்தால் நல்ல பொறி. பொறியே இல்லையென்றால் காயிலைச் சபிப்பதற்கு முன் எஞ்சினை அணைக்கும் ஸ்டாப் சுவிட்சில் சிவப்புக் கயிற்றின் கொக்கி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காயிலை மாற்றிய பிறகு இதைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு.

மணல்தாள் கேள்விக்கு வருகிறேன். வேண்டாம். தாளிலிருந்து உதிரும் துகள் பீங்கான் மூக்குக்கும் உலோக உடலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் போய் உட்காரும், ஊதினாலும் வராது. எஞ்சின் ஓடும்போது அது சிலிண்டருக்குள் விழுந்து சுவரைக் கீறும். கம்பித் தூரிகையும் நல்லதல்ல. கம்பி பீங்கானில் உலோகக் கோடு இழுத்துவிடும், அந்தக் கோடு வழியே மின்சாரம் கசிந்து இடைவெளியில் பொறி வராது. கடலில் வேறு வழியில்லை என்றால் பழைய பல் துலக்கும் பிரஷ், கொஞ்சம் பெட்ரோல், உலர்ந்த துணி, நன்றாக உலரவிடுதல். அது கரை சேர்வதற்கு மட்டும். எண்ணெயில் ஊறிய பிளக் வெளியே சுத்தமாகத் தெரிந்தாலும் பீங்கானில் ஏறிய கரி முழுதாகப் போவதில்லை. ஒரு ஜோடி பிளக் விலைக்கு நடுக்கடலில் சூதாட வேண்டுமா?

புதுப் பிளக் வாங்கும்போது கடைசி '-10'ஐ விட்டுவிடாதீர்கள். அது 1.0 மி.மீ. இடைவெளி என்பதைக் குறிக்கும். உங்கள் எஞ்சினுக்கு 0.9 முதல் 1.0 மி.மீ. இருக்க வேண்டும். வெறும் பி7எச்எஸ்ஸும் கடையில் கிடைக்கும், அதன் இடைவெளி குறைவு. நெருங்கிய இடைவெளியில் பொறி குட்டையாக இருக்கும், மெதுவோட்டத்தில் ஈரக் கலவையைப் பற்றவைக்கத் திணறும். எதை வாங்கினாலும் பெட்டியிலிருந்து எடுத்ததும் ஃபீலர் கேஜ் எனும் அளவுத் தகடுகளை வைத்து அளந்து பாருங்கள். வழியில் கீழே விழுந்திருந்தால் இடைவெளி மாறியிருக்கும். 0.9 தகடு தடையில்லாமல் போக வேண்டும், 1.0 லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். சரிசெய்ய வளைந்த வெளி முனையை மட்டும் அசையுங்கள். நடு முனையை நெம்புகோலாகப் பயன்படுத்தினால் பீங்கான் மூக்கு கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும். படகில் மீன் காட்டும் கருவி வைத்து, எஞ்சின் ஓடும்போது திரையில் கோடு கோடாக இரைச்சல் விழுந்தால் பிஆர்7எச்எஸ்-10 வாங்குங்கள். 'ஆர்' என்பது உள்ளே மின்தடை உள்ளது, அந்த இரைச்சலை அடக்கும்.

போலிப் பிளக்குகளும் சந்தையில் உலவுகின்றன. அசல் பிளக்கின் வளைய கேஸ்கட் கையால் திருகினால் கழன்று வராது. நடு முனை சரியாக மையத்தில் இல்லாமல் இருப்பது, எழுத்து மங்கலாக அச்சாகியிருப்பது இரண்டும் சந்தேகத்துக்கு உரியவை.

மாட்டும்போது ஸ்பேனரைத் தொடாமல் தொடங்குங்கள். பிளக்கின் பீங்கான் தலைமேல் ஒரு சாண் நீள ரப்பர் பெட்ரோல் குழாயைச் செருகி, அதைப் பிடித்துத் திருகுங்கள். மரை கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கி உங்களை எச்சரிக்கும், ஸ்பேனர் எச்சரிக்காமல் மரையை அறுத்துவிடும். ஐந்தாறு சுற்று கையாலேயே போக வேண்டும். கேஸ்கட் உட்கார்ந்த பிறகு இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 25 நியூட்டன் மீட்டர். இல்லாவிட்டால் புதுப் பிளக்குக்கு அரைச் சுற்று, அதிகம் போனால் மூன்றில் இரண்டு. கழற்றித் திரும்பப் போடும் பழைய பிளக்கின் கேஸ்கட் முன்பே நசுங்கியிருப்பதால் பன்னிரண்டில் ஒரு சுற்று போதும், கடிகாரத்தில் ஒரு மணி நேர முள் நகர்வு. இளக்கமாக விட்டால் சூடு ஹெட்டுக்குப் போகாமல் பிளக் பழுக்கும். கூடுதலாக இறுக்கினால் மரை போகும். உப்பு நீருக்குப் பயந்து மரையில் கிரீஸோ, மரை இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் ஆன்டி-சீஸோ தடவுகிறவர்கள் பலர். என்ஜிகே மரைக்குப் பூச்சு ஏற்கெனவே உண்டு. அதன்மேல் வழவழப்பும் சேர்ந்தால் அதே 25இல் ரெஞ்ச் நிற்கும்போது உண்மையில் அளவுக்கு மிஞ்சி இறுகியிருக்கும். உலர்ந்த மரையாகவே போடுங்கள். உப்புக்கு மருந்து வேறு இடத்தில் வேண்டும். கேப்பின் ரப்பர் உதட்டின் உள்ளே மின்சாரம் கடத்தாத டைஎலெக்ட்ரிக் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். கேப்புக்குள் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தால் பிளக்கை எத்தனை தடவை மாற்றினாலும் பயனில்லை, கேப்பை மாற்றுங்கள்.

தூண்டில் இழுப்பதை விடச் சொல்லப்போவதில்லை, அதற்குத்தானே படகு வாங்கினீர்கள். ஆனால் பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு முறை தூண்டிலைச் சுருட்டிவிட்டு, ஒரு நிமிடம் நன்றாக வேகம் கொடுத்து ஓட்டுங்கள். பின்னால் ஒரு கொத்து நீலப் புகை வரும், உள்ளே தேங்கிய எண்ணெய் வெளியேறுகிறது. பெட்ரோல் குழாயில் இருக்கும் ரப்பர் குமிழை முதலில் கெட்டியாகும் வரை அழுத்தினால் போதும், எடுக்கவில்லை என்று மேலும் மேலும் பிசைந்தால் எஞ்சின் பெட்ரோலில் மூழ்கும். மூழ்கிவிட்டால் பெட்ரோல் குழாயைக் கழற்றி, சோக்கை உள்ளே தள்ளி, பிளக்குகளைக் கழற்றி உலர்ந்த இடத்தில் வைத்து, ஸ்டாப் கயிற்றின் கொக்கியை எடுத்துவிட்டுப் பத்துத் தடவை இழுங்கள். பிறகு இடைவெளி அளந்து வைத்திருக்கும் புதுப் பிளக்குகளைப் போட்டு, கொக்கியை மாட்டி எடுங்கள். அந்த உபரி ஜோடி பெட்டியோடு, பிளாஸ்டிக் பையில் சுருட்டி, எப்போதும் படகில் இருக்கட்டும். இனி 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை கழற்றிப் பாருங்கள், 100 மணி நேரத்தில் கறுக்காவிட்டாலும் மாற்றுங்கள்.

எண்ணெய்க் கணக்கைச் சரிசெய்து, தெர்மோஸ்டாட்டையும் சோக்கையும் பார்த்த பிறகு, புது ஜோடி பி7எச்எஸ்-10 போட்டு மூன்று ஞாயிறு ஓட்டுங்கள். அதற்குள் மறுபடியும் நனைந்தால் பிளக்கில் இனி பணம் போடாதீர்கள். சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து, த்ராட்டில் முழுதாகத் திறந்து, இரண்டு சிலிண்டரையும் அளந்து, எண்களையும் நடுக்கடலில் அணைத்துக் கழற்றிய இரண்டு பிளக்கின் படத்தையும், மேல் எது கீழ் எது என்று எழுதி அனுப்புங்கள். இரண்டு அளவும் ஒன்றுக்கொன்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் விலகியிருந்தால், அந்தப் படகை வாங்கியபோது கேட்காமல் விட்ட ஒன்றைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.